ரெஜிஸ்டரில் வந்த மருமகன்

என் தங்கை சங்கமித்ராவின் வகுப்பறைக்குள் யார் போனாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு நீலக் கூடைதான். காய்கறிக்காரர்கள் வைத்திருக்கிற பிளாஸ்டிக் கூடை. அதற்குள் செருப்பும் ஷூவுமாக நாலைந்து கிடக்கும். எல்லாமே இடது கால். பேனா கொண்டு வராத பிள்ளைக்கு அவளிடம் பேனா கிடைக்கும். ஏன் கொண்டு வரவில்லை என்ற கேள்வி கிடையாது. ஆனால் இடது காலில் இருப்பதைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட வேண்டும். வகுப்பு முடிந்து பேனாவைத் திருப்பித் தந்தால் செருப்பு கைக்கு வரும்.

அதே பள்ளியில் பேனா இல்லாதவனை வராந்தாவில் நிறுத்துகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துவிட்டு மாதம் ஒரு டஜன் பேனா தொலைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சங்கமித்ரா இரண்டு வருடத்தில் தொலைக்கப் பார்த்தது ஒரே ஒரு பேனா. அந்தப் பையன் மறதியில் ஒற்றை ஷூவோடு வீட்டுக்கே போய்விட்டான். மறுநாள் அவன் அம்மா பேனாவைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு ஷூவை மீட்டுப் போனாள். போகும்போது அவளும் சிரித்துக்கொண்டேதான் போனாள்.

நாங்கள் மர்பி டவுன்காரர்கள், கன்னட ஊரில் பிறந்து வளர்ந்த தமிழர்கள். அப்பா ராணுவக் குடியிருப்பில் பெயின்டர். நான் பிறந்தபோது குலசாமியை நினைத்துப் பெருமாள்சாமி என்று வைத்தார். பிறகு அவருக்குப் புத்த சங்கத்துப் பழக்கம் ஏற்பட்டது. ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பெண்ணுக்குச் சங்கமித்ரா என்று பெயர் வந்தது. ரேஷன் கார்டு திருத்தப் போனால் இரண்டு பேரும் ஒரே வீடா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.

நான் எட்டாவதோடு நின்று சிவாஜிநகரில் மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிற வேலைக்குப் போனேன். இப்போது அங்கேயே எட்டடிக்கு ஆறடி கடை. ஃபேன், மிக்ஸி, தண்ணீர் மோட்டார், எது எரிந்து வந்தாலும் செம்புக் கம்பியை அவிழ்த்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பேன். சங்கமித்ரா பி.எஸ்சி., பி.எட். முடித்து அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை ஆனாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் வாங்கிய மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் தேதி வரிசையில் என் பீரோவில் இருக்கின்றன. ஒன்றுகூட மடங்கவில்லை. அவளுக்கு முப்பத்திநாலு வயது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என் மனைவி சரசுவும் நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

வீட்டில் அவளுக்கு ஒரு பழக்கம். பள்ளியில் நடந்ததை எல்லாம் சொல்வாள், பிள்ளைகளின் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். "ஒருத்தன்" என்பாள், "ஒருத்தி" என்பாள். நாளைக்கு அந்தப் பிள்ளை நம் தெருவில் எதிரே வந்தால் அதன் முகத்தைப் பார்க்கும்போது நமக்கு அந்தக் கதை ஞாபகம் வரக் கூடாதாம். நல்ல பழக்கம்தான். நான் மாட்டிக்கொண்டது அந்தப் பழக்கத்தால்தான்.

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவள் மணிக் கதையைச் சொன்னாள். அந்தப் பள்ளியில் ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே வளாகம். மணி என்பது வேப்பமரத்தில் தொங்குகிற ஒரு துண்டுத் தண்டவாளம். அதை அடிக்கிற சுத்தியல் ஆபீஸ் ஜன்னலில் இருக்கும். வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்பு ஒருத்தன் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே வந்து, சுத்தியலை எடுத்து, நாலு இருபதுக்கு அடிக்க வேண்டிய கடைசி மணியை மூன்றரைக்கே அடித்துவிட்டான். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். முந்நூறு பிள்ளைகள் தெருவில். இரண்டு ஆசிரியர்கள் பஸ் ஸ்டாப் வரை போய், பஸ் வராததால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்களாம். அதுவரை சரசுவும் நானும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"சிரிச்சு முடிச்சிடுங்க, அப்பறம் சொல்றேன்" என்றாள்.

ஒன்றாம் வகுப்பில் அனன்யா என்று ஒரு குழந்தை. சின்னப் பிள்ளை என்பதால் அந்தப் பெயரை மட்டும் சொன்னாள். அதன் அம்மா வீட்டு வேலை முடித்து நாலு இருபதுக்குத்தான் கேட்டுக்கு வருவாள். குழந்தை கூட்டத்தோடு நடந்து இரண்டு சிக்னலைத் தாண்டிவிட்டது. அம்மா செருப்பில்லாமல் தெருத் தெருவாக ஓடினாள். ஐந்து மணிக்கு ஒரு பேக்கரியில் கிடைத்தது. கடைக்காரர் ரஸ்க் டின்னுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து பன் கொடுத்திருந்தார். குழந்தை பாதி பன்னோடு ஆனந்தமாக இருந்ததாம். அந்த அம்மா இரண்டு நாள் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

ஹெட்மாஸ்டர் கிருஷ்ணப்பா மணி அடித்தவனுக்கு டி.சி. கொடுக்கச் சொல்லி எழுதியே விட்டார். வகுப்பு ஆசிரியை சங்கமித்ரா. கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றாள். டி.சி. வாங்கிக்கொண்டு போனால் அவன் இன்னொரு பள்ளியில் போய் உட்காருவான், அல்லது எங்கேயும் உட்கார மாட்டான். இங்கே செய்த தப்பை இங்கே இருந்துதான் சரி செய்ய வேண்டும், அதற்கு நான் பொறுப்பு என்றாள். கடைசியில் ஒரு உடன்பாடு. பையனின் வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து உறுதிமொழி ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு இன்னொரு தப்பு நடந்தால் டி.சி.தான், அப்போது அவள் குறுக்கே பேசக் கூடாது.

மறுநாள் திங்கட்கிழமை. ஆசிரியர்களை வீடு வீடாகக் கணக்கெடுக்க அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு மூன்று நாள். கடைக் காலண்டரில் அந்த மூன்று நாளையும் பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன். மழை வந்தால் கூட்டிவரப் போக வேண்டுமே.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நான் ஒரு சீலிங் ஃபேனுக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது யார் கூப்பிட்டாலும் பேச மாட்டேன். யூனிஃபார்மில் ஒரு பையன் வந்து "மாமா" என்றான். விரலைக் காட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து முந்நூற்று நாற்பது வரைக்கும் அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். பார்த்தால், உதட்டை அசைத்து என்னோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தான். அதிலேயே எனக்கு அவனைப் பிடித்துப் போயிற்று.

பெயர் சுனில் என்றான். பள்ளிக்குத் தாமதமாகப் போய்விட்டானாம், வீட்டிலிருந்து யாராவது வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அம்மா தெருக் கூட்டுகிற வேலையில் இருக்கிறாள், நடுவில் எழுந்து வந்தால் இரண்டாவது வருகைப் பதிவு போய்விடும், அரை நாள் கட். அப்பா இல்லை.

"அதுக்கு நான் எதுக்குடா?"

"டீக்கடை அண்ணனக் கூப்ட்டேன் மாமா. லுங்கிலயே வரேன்றாரு. நீங்க பாக்கெட்ல பேனா வெச்சிருக்கீங்க, கண்ணாடி போட்டிருக்கீங்க. உங்களப் பாத்தா நெஜ மாமா மாதிரியே கீது."

எந்தப் பள்ளி என்று கேட்டேன். சங்கமித்ராவின் பள்ளி. நான் அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. மழை நாளில் ஹெல்மெட்டோடு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன். காலண்டரைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைக்கு வட்டம் இருந்தது, அவள் பள்ளியில் இருக்க மாட்டாள். தாமதமாக வந்ததற்கு ஒரு கையெழுத்து, ஐந்து நிமிட வேலை, ஒரு தாயின் அரை நாள் மிச்சம் என்று நினைத்தேன். நான் யார் என்று பையனிடம் சொல்லவில்லை. கடையை இழுத்துச் சாத்திவிட்டுப் போனேன்.

கிருஷ்ணப்பா என்னை நிற்க வைத்தே கன்னடத்தில் பிடித்துக்கொண்டார். பிள்ளையை இப்படித்தான் வளர்ப்பதா, ஒரு குழந்தை லாரியில் அடிபட்டிருந்தால் நீங்கள் வந்து பதில் சொல்வீர்களா என்றார். தாமதமாக வந்ததற்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. மணி என்ற வார்த்தை வந்ததும்தான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என் தங்கை சொன்ன அந்த ஒருத்தன் எனக்குப் பக்கத்தில்தான் நின்றான். திரும்பிப் பார்த்தேன். அவன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஃபேனில் பேரிங் போய்விட்டிருந்தது, சத்தம் கேட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இரண்டாவது தப்பு, டி.சி. என்று எனக்குத் தெரியும். அதனால் பேசாமல் ரெஜிஸ்டரை வாங்கினேன். எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர்கள் பெயரும் கிறுக்கலும் மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்கு ஆகாது. பெயர், பெருமாள்சாமி. உறவு, தாய்மாமன். விலாசம், வீட்டு எண், குறுக்குத் தெரு, மர்பி டவுன், பின்கோடு. கைபேசி எண். எல்லாக் கட்டத்தையும் அச்சடித்த மாதிரி நிரப்பிவிட்டு வந்தேன். பொய்க் கையெழுத்துப் போடுகிறவன் உண்மை விலாசம் எழுதக் கூடாது என்பது கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

"மணி அடிச்சது நீயாடா?" என்று அவன் கையைப் பிடித்தேன்.

"அதச் சொல்லிருந்தா நீங்க வந்திருப்பீங்களா மாமா?" என்றான்.

வியாழக்கிழமை மாலை சங்கமித்ரா வந்தபோது சரசு அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். சங்கமித்ராவும் உட்கார்ந்து ஒரு கை எடுத்துப் பிதுக்க ஆரம்பித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அண்ணா, நமக்கு சுனில்னு ஒரு மருமகன் இருக்கானா?"

"ஆரு சுனிலு?" என்றாள் சரசு.

"ஒம்பதாவது படிக்கிறான் அண்ணி. நம்ம அண்ணன்தான் தாய்மாமன். ரெஜிஸ்டர்ல இருக்கு. வீட்டு நம்பர், பின்கோடு, எல்லாம் இருக்கு."

சரசு கையைத் துடைத்துக்கொண்டாள். "உங்க அண்ணனுக்கு இருக்கறது ஒரே தங்கச்சி. அப்ப அவன் ஆரு பெத்த புள்ள?"

"அதத்தான் அண்ணி நானும் மத்தியானத்துலேர்ந்து யோசிக்கிறேன்."

சரசு சிரித்த சிரிப்பில் பிதுக்கின பருப்பு நாலு பக்கமும் ஓடியது. அதைப் பொறுக்கிக்கொண்டே நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், உதடு அசைத்து எண்ணினது உட்பட. பிறகு ஒரு யோசனையும் சொன்னேன். ஹெட்மாஸ்டர் விலாசத்தைக் கவனிக்கவில்லை, நீயும் பார்க்காத மாதிரி விட்டுவிடு, பையனுக்குப் படிப்பு மிஞ்சும் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"விட்டுடலாம். சுனில் தப்பிச்சுக்குவான், நீ தப்பிச்சுக்குவ, நானும் தப்பிச்சுக்குவேன். அந்தக் கொழந்த ரோட்ல நடந்தது மட்டும் அப்படியே நிக்கும்."

"சொன்னா டி.சி. குடுத்துடுவாரும்மா."

"குடுக்க விட மாட்டேன். ஆனா சொல்லத்தான் போறேன்."

உறுதியாகத்தான் சொன்னாள். ஆனால் சாப்பிட்ட பிறகு ஒரே தட்டை இரண்டு முறை கழுவினாள். அவள் வாக்குக் கொடுத்துக் காப்பாற்றிய பையன். குறுக்கே பேச மாட்டேன் என்று ஒப்புக்கொண்டவளும் அவள்தான். இப்போது அவள் வாயாலேயே இரண்டாவது தப்பைச் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரை எடு என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

சுனிலின் அம்மா எல்லம்மா வேலை பார்க்கிற வார்டின் வருகைப் பதிவு இடத்தை அவள் விசாரித்து வைத்திருந்தாள். ஒரு பூங்காவின் சுவரோரம். பச்சைக் கோட்டுப் போட்ட பெண்கள் விரலை வைத்துப் பதிவு செய்துவிட்டு விளக்குமாறோடு பிரிந்துகொண்டிருந்தார்கள். எல்லம்மாவுக்கு எதுவுமே தெரியாது. மணி தெரியாது, குழந்தை தெரியாது, தனக்கு ஒரு அண்ணன் கிடைத்திருப்பதும் தெரியாது. சங்கமித்ரா ஒன்று விடாமல் சொன்னாள். எல்லம்மா விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்தாள், வீட்டுக்குப் போகத் திரும்பினாள்.

"அடிக்கறத அப்பறம் வெச்சுக்கலாம்" என்று என் தங்கை அவள் கையைப் பிடித்தாள். "அந்த ரெஜிஸ்டர்ல கடைசியா உங்க கையெழுத்துதான் வேணும். நான் சொல்ற நாள்ல வேலை முடிஞ்சு வந்தாப் போதும்."

"என்கிட்ட சொல்லிருந்தா நான் வந்திருக்க மாட்டனா மிஸ்ஸு?"

"வந்திருப்பீங்க. அரை நாள் போயிருக்கும். அதுக்குத்தான் சொல்லல. பதினோரு மணிக்கு வரச் சொல்லி எழுதினது நாங்க. அது எங்க தப்பு."

எல்லம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதானா எங்க அண்ணன்?" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஹெட்மாஸ்டர் அறை. கிருஷ்ணப்பா, கிளார்க், சங்கமித்ரா, சுனில், நான். சுனிலுக்கு அன்றைக்குத்தான் நான் யார் என்று தெரிந்தது. என்னைப் பார்த்தான், மிஸ்ஸைப் பார்த்தான், வேறு வழியில்லாமல் ஃபேனைப் பார்த்தான். சங்கமித்ரா ரெஜிஸ்டரைத் திறந்து மேசையில் வைத்து, இந்தக் கையெழுத்துப் பொய், போட்டவர் என் சொந்த அண்ணன், கூட்டி வந்தவன் சுனில் என்று கன்னடத்தில் நேராகச் சொன்னாள். கிருஷ்ணப்பா இழுப்பறையைத் திறந்து டி.சி.யை எடுத்துவிட்டார். பேச்சு முடிந்தது என்றார். சுனில் அழவில்லை, அவன் காது மட்டும் சிவந்தது.

டி.சி.யில் எழுத வேண்டிய தேதிக்காக ரெஜிஸ்டரை இழுத்தவர் என் வரியை ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

"உங்க அண்ணன் இவனுக்குத் தாய்மாமன்னா, இவன் உங்க பையனா மேடம்?"

கிளார்க்தான் முதலில் வாயைப் பொத்தினார். பிறகு கிருஷ்ணப்பாவின் தோள் குலுங்கியது. அவர் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் சங்கமித்ரா காத்திருந்தாள். அடங்கினதும், சிரிப்பில் நழுவ விடாமல், கையில் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினாள்.

தினமும் கடைசி மணிக்கு ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்தொன்று பேரையும் சுனில் கேட்டில் நின்று பட்டியலைப் பார்த்து, வந்தவர் யார் என்று கேட்டு, ஒவ்வொருவராக ஒப்படைக்க வேண்டும். வாட்ச்மேன் பக்கத்தில் இருப்பார். முப்பது பள்ளி நாட்கள், தொடர்ச்சியாக. அதற்கு முன்னால் அனன்யாவின் அம்மாவிடம் போய், என்ன செய்தான் என்பதை அவனே அவன் வாயால் சொல்ல வேண்டும், சங்கமித்ரா கூட நிற்பாள். பெருமாள்சாமி, தாய்மாமன் என்று கையெழுத்துப் போட்டதால் முப்பது நாள் முடிகிறவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து அந்த வாரப் பட்டியலைச் சரி பார்க்க வேண்டும். இனிமேல் வேலைக்குப் போகிற தாய்மார்களைப் பள்ளி நேரத்தில் கூப்பிடக் கூடாது, அவர்களுக்கு முடிகிற நேரத்தில் நாம்தான் பார்க்க வேண்டும். அந்தக் கடைசி வரி பள்ளிக்கு.

கிருஷ்ணப்பா இரண்டு முறை படித்தார். டி.சி.யைக் கிழிக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. தேதி எழுதாமல் இழுப்பறையில் வைத்தார். முப்பதாவது நாள் பார்க்கலாம் என்றார். நான் போகும்போது அந்த ஃபேனுக்கு பேரிங் மாற்றச் சொன்னேன். நீங்களே மாற்றுங்கள், சனிக்கிழமை வரத்தானே போகிறீர்கள் என்றார்.

அனன்யாவின் அம்மா அவனை ஏசவில்லை என்று சங்கமித்ரா பிறகு சொன்னாள். அன்றைக்கு எந்தெந்தத் தெருவில் ஓடினாள் என்று ஒவ்வொரு தெருவாகப் பெயர் சொன்னாளாம். சுனில் கேட்டுக்கொண்டே நின்றானாம். திரும்பி வரும்போது அந்தத் தெருக்கள் வழியாகவே நடந்து வந்தானாம்.

என் முதல் சனிக்கிழமை நான் ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன். சுனிலின் பட்டியலில் "அம்மா", "அப்பா", "பாட்டி" என்று மட்டும் இருந்தது. பெயரும் வேண்டும், நேரமும் வேண்டும் என்றேன். அடுத்த வாரம் இருந்தது. அதற்கடுத்த வாரம் அவனே புதிதாக ஒரு கட்டம் போட்டு, "குடை இருக்கா" என்று எழுதியிருந்தான்.

"மாமா, மிஸ்ஸு வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டான்.

"வீட்ல செருப்புக் கூடை மட்டும்தான் இல்ல" என்றேன்.

பதினாறு நாள் ஒழுங்காகப் போயிற்று. பதினேழாவது நாள் மைதானத்தில் கிரிக்கெட் மேட்ச். சுனில் பட்டியலை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். பிள்ளைகள் நாற்பத்தொன்று பேரும் பத்திரமாகத்தான் போனார்கள். ஆனாலும் கிருஷ்ணப்பா இழுப்பறையைத் திறந்துவிட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை, நானும் இருந்தேன்.

சங்கமித்ரா ஹெட்மாஸ்டரிடம் சொன்னது சின்னப் பேச்சுதான். தொடர்ச்சியாக முப்பது என்று எழுதியிருக்கிறோம், தொடர்ச்சி அறுந்தது, அறுந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை, அதனால் முதலிலிருந்து எண்ணுவோம். பதினேழு என்று இருந்த இடத்தில் அவளே ஒன்று என்று எழுதி அவரிடம் நீட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அந்த ஒன்றையே பார்த்துவிட்டு இழுப்பறையை மூடினார்.

சுனிலுக்குத்தான் ஆறவில்லை.

"அப்ப பதினாறு நாள் சும்மாவா மிஸ்ஸு?"

"சும்மா இல்ல. பதினாறு நாள் நல்லா செஞ்ச, நான் பாத்தேன். ஆனா முப்பது இல்ல."

"இவ்ளோ நாளு மறுபடி எவன் நிப்பான்?"

"நீதான். மொத நாலு நாள் நானும் கூட நிக்கிறேன்."

அவன் என்னைப் பார்த்தான், மாமா ஏதாவது சொல்லுவார் என்று. சொன்னால் அவனுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் சொன்னேன். காயில் சுற்றும்போது எண்ணிக்கை விட்டுப் போனால் குத்துமதிப்பாகத் தொடர முடியாது, தொடர்ந்தால் ஃபேன் ஓடும், இரண்டு மாதத்தில் எரியும். அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்துதான் வர வேண்டும். "நீங்க எத்தன வாட்டி அவுத்திருக்கீங்க?" என்று கேட்டான். போன மாதம் மட்டும் மூன்று தடவை என்றேன். அது அவனுக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

சொன்னபடி சங்கமித்ரா நாலு நாள் நின்றாள். பட்டியலைத் தொடவில்லை, வெறுமனே பக்கத்தில் நின்று நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாளாம். ஐந்தாவது நாளிலிருந்து அவன் தனியாக. டிசம்பர் கடைசியில் ஒரு நாள் மழை. அனன்யாவின் அம்மா பஸ் கிடைக்காமல் ஐந்து பத்துக்குத்தான் வந்தாள். அதுவரைக்கும் அவன் வாட்ச்மேன் கூண்டில் அந்தக் குழந்தைக்குப் பட்டியலில் உள்ள பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். குடைக் கட்டத்தில் "இல்லை" என்றும், நேரக் கட்டத்தில் "5.10" என்றும் சுத்தமாக எழுதியிருந்தான். அந்தச் சனிக்கிழமை என் சிவப்புப் பேனாவுக்கு வேலை இல்லை.

சங்கராந்தி கழிந்து முப்பது நாளும் முடிந்தது. அதற்கு மறுநாள் எல்லம்மா இரண்டு மணிக்கு வேலை முடிந்து, பச்சைக் கோட்டோடு நேராகப் பள்ளிக்கு வந்திருந்தாள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். கிருஷ்ணப்பாவின் தலைக்கு மேல் ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது.

உறுதிமொழி ரெஜிஸ்டரை எடுத்தார்கள். என் வரியை வைட்னர் வைத்து அழித்துவிடலாம், பார்க்க நன்றாக இருக்கும் என்று கிளார்க் சொன்னார். எனக்கும் அது சரியென்று பட்டது. சங்கமித்ரா ஒத்துக்கொள்ளவில்லை. என் சிவப்புப் பேனாவையே வாங்கி, ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் தேதியும் தன் சுருக்கக் கையெழுத்தும் போட்டாள். அடித்த பிறகும் பின்கோடு வரைக்கும் படிக்க முடிந்தது. அதற்குக் கீழே எல்லம்மா தன் பெயரைக் கன்னடத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். உறவு என்ற கட்டத்தில் தாய் என்று எழுதினாள். காலியாக ஒரு கட்டம் இருந்தது. கைபேசி எண்ணையும் எழுதச் சொன்னேன்.

கிருஷ்ணப்பா இழுப்பறையிலிருந்து டி.சி.யை எடுத்துக் குறுக்கே இரண்டு கோடு போட்டு, ரத்து என்று எழுதிச் சங்கமித்ராவிடம் கொடுத்தார். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. சுனிலிடம் நீட்டி, அடுத்த மாதத்திலிருந்து கேட்டில் நிற்க வேறு இரண்டு பிள்ளைகளைப் போட்டிருக்கிறோம், எப்படிச் செய்வது என்று அவர்களுக்கு எழுதிக் கொடு என்றாள். அவன் தரையில் உட்கார்ந்து என் ஸ்கேலை வாங்கிக் கட்டம் போட ஆரம்பித்தான்.

நாலு இருபதுக்கு மணி அடித்தது. சரியான நேரம்தானா என்று அறையில் இருந்த அத்தனை பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

கேட்டில் அனன்யா சுனிலின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டது.

"எங்க மாமா" என்றான் சுனில்.

சங்கமித்ரா பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அடிச்சாச்சுடா."

"ரெஜிஸ்டர்லதான மிஸ்ஸு அடிச்சீங்க" என்றான்.